ஒரு தட்டு, இரண்டு தட்டு

“ஒண்ணு கூட்டணுமாம்” என்றார் லிஃப்ட்காரர்.

நிலவறையில் நீராவி இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்த மெஷின்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. யார் சொல்லி அனுப்பியது என்று கேட்கவும் இல்லை. கேட்டால் அந்த ஆளைப் பற்றிப் பேச வேண்டி வரும். நான்கு நாட்களாக அந்தப் பேச்சையே அவர் எடுப்பதில்லை. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு குமிழை நாலிலிருந்து ஐந்துக்குத் திருகினார். மணி ஒன்பதே கால்.

அது ஓர் அருங்காட்சியகம். மூன்றாம் மாடிக் கூடத்தில் பழைய தோல் ஏடுகளும் மரப் பெட்டிகளும் இருந்தன. காற்று காய்ந்தால் அவை வெடிக்கும், ஊறினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் கூடத்துச் சுவரில் ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தது. காற்றில் ஈரம் குறைந்தால் அது ஓர் ஒயர் வழியாக நிலவறைக்குச் சிக்னல் அனுப்பும். சிக்னல் பூஜ்யம் என்றால் இயந்திரம் தூங்கும். பத்து என்றால் முழு மூச்சோடு ஆவி விடும். மனிதர் யாரும் தலையிட வேண்டியதில்லை. காலையில் வந்து இயந்திரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி அதை மேற்பார்வை பார்ப்பதுதான் மெஷின்காரரின் உத்தியோகம். அதைப் பதினாறு வருடமாக மிகுந்த பொறுப்போடு செய்துவந்தார்.

நேற்று மாலை ஒரு தச்சர் வந்து, புதிதாக வரப்போகும் வரைபடத்தை மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்டார். நல்ல நேர்த்தியான துளை. சிக்னல் ஒயரையும் இன்டர்காம் ஒயரையும் ஒரே குத்தில் அறுத்துவிட்டது. எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைதான் வருவார். நிலவறையில் செல்போன் எடுக்காது. ஆகவே இன்று முழுக்க ஒயரின் வேலையை மனிதர்கள் பார்த்தாக வேண்டும். மேலே ஈரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்க்க ஓர் ஆள், கீழே குமிழைத் திருக ஓர் ஆள், நடுவில் சொல்லைச் சுமந்துகொண்டு ஏறி இறங்க லிஃப்ட்காரர்.

மேலே மீட்டரைப் பார்ப்பவள் மெஷின்காரரின் மனைவி. மூன்றாம் மாடிக் கூடத்துக்கு அவள்தான் காவலர். பார்வையாளர்களை விட்டுவிட்டு அவள் இறங்கி வர முடியாது. இயந்திரத்தை விட்டுவிட்டு அவர் ஏறிப் போக முடியாது. முடிந்தாலும் போயிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

சண்டைக்குக் காரணம் ஒரு குழாய். வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி தினமும் சொன்னாள். அவரும் தினமும் நாளைக்குப் பார்க்கிறேன் என்றார். மூன்று மாடிக் கட்டடத்தின் அத்தனை குழாயையும் கட்டி மேய்க்கிற மனிதருக்கு, வீட்டில் ஒரு வாஷர் மாற்ற நாள் வாய்க்கவில்லை. கடைசியில் அவள் வெளியிலிருந்து ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, “இந்த வீட்டுல ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் அதை ஒரு எழுத்து விடாமல் கணவரிடம் ஒப்பித்தாள்.

நீ மன்னிப்புக் கேட்கும்வரை உன்னோடு பேசமாட்டேன் என்றார் அவர். நீங்கள் மன்னிப்புக் கேட்கும்வரை எனக்கும் பேச ஒன்றுமில்லை என்றாள் அவள். அன்றிலிருந்து இருவருக்கும் வாய் லிஃப்ட்காரர்தான். டப்பாவைக் கழுவி அனுப்பச் சொல்லுங்கள், வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதென்று கேளுங்கள், சாவி இருக்கும் இடத்தில்தான் இருக்கிறதென்று சொல்லுங்கள் என்று அவரும் நாள் பூராவும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் இன்று விஷயம் சாவியோ டப்பாவோ இல்லை. முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலுமி ஆட்டுத் தோலில் வரைந்த கடல் வரைபடம், வேறொரு நாட்டு அருங்காட்சியகத்திலிருந்து பெட்டிக்குள் வந்து கீழே காத்திருந்தது. அதோடு வந்த பரிசோதகர் அம்மா மாலை நாலு மணிக்குக் கூடத்துக்கு வருவார். மீட்டர் முள் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் நின்றால் பெட்டியைத் திறப்பார். இல்லையென்றால் பெட்டி திறக்காமலே துறைமுகத்துக்குத் திரும்பிப் போகும். அப்படிப் போனால் அடுத்த மாதத்திலிருந்து நிலவறையை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவதாக இயக்குநர் மெஷின்காரரிடம் நேராகவே சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனிக்கு இந்த மெஷின்காரர் தேவைப்படமாட்டார்.

பத்து மணிக்கு லிஃப்ட்காரர் மறுபடி வந்தார். ரெண்டு கூட்டணுமாம் என்றார்.

மீட்டர் இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று கேட்க மெஷின்காரருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அது அவளிடம் கேள்வி கேட்டதாகும். கேள்வி கேட்டால் பேசினதாகும். முதலில் பேசினது யார் என்று நாளைக்கே பேச்சு வரும். ஆகவே வாயை மூடிக்கொண்டு ஏழுக்குத் திருகினார்.

பத்தே முக்காலுக்கு, இன்னும் ரெண்டு கூட்டணுமாம் என்ற செய்தி வந்தது. அவர் ஒன்பதில் வைத்துவிட்டு யோசித்தார். இவ்வளவு ஆவி விட்டும் கூடம் காய்ந்து கிடக்கிறதென்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். ஆவிக்குழாயின் வால்வு பாதிதான் திறந்திருந்ததைக் கண்டுபிடித்து, தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, முழுதாகத் திறந்துவிட்டார். இயந்திரம் உற்சாகமாக உறுமியது.

பதினொன்றரைக்கு இயக்குநரே இறங்கி வந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

“மேல என்ன நடக்குதுன்னு தெரியுமா? கண்ணாடிப் பெட்டி எல்லாம் ஆவி படிஞ்சு கிடக்கு. ஸ்கூல் பிள்ளைங்க விரலால அதுல படம் வரையுது. பார்க்க வந்தவங்க ஏடு எங்கேன்னு கேக்கறாங்க.”

மெஷின்காரர் அவசரமாகக் குமிழை நாலுக்குத் திருகினார். கூட்டச் சொல்லி வந்ததால்தான் கூட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் பழி மனைவி தலையில் விழும். கோபம் எவ்வளவு இருந்தாலும் இயக்குநரிடம் அவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. வால்வில் கோளாறு, இதோ சரிசெய்துவிட்டேன் என்று மென்று விழுங்கினார். இயக்குநர் ஜன்னல்களைத் திறக்கச் சொல்வதாகவும், நாலு மணியை மறக்க வேண்டாமென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மெஷின்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூடம் நனைந்து கிடக்கும்போது கூட்டு, கூட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மீட்டர் பார்க்கத் தெரியாதவள் இல்லை. எட்டு வருடமாகப் பார்க்கிறாள். அப்படியானால் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள். ஒரு குழாய்க்காக இவ்வளவா? பேசாமல் இருந்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வேலையிலேயே கை வைப்பாள் என்று நினைக்கவில்லை.

ஒரு மணிக்கு லிஃப்ட்காரர் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். ஜன்னல் திறந்ததில் கூடத்து ஈரம் இறங்கியிருக்க வேண்டும் என்று மெஷின்காரருக்கும் தெரிந்திருந்தது. குமிழ் நாலில் இருந்தது.

“ரெண்டு குறைக்கணுமாம், அண்ணே.”

மெஷின்காரர் கசப்பாகச் சிரித்தார். “அவ கணக்கு எனக்கு இப்ப பிடிபட்டுடுச்சு. கூட்டுன்னா குறைன்னு அர்த்தம், குறைன்னா கூட்டுன்னு அர்த்தம். இனிமே அவ என்ன சொன்னாலும் நான் அதைத் திருப்பித்தான் செய்யப்போறேன்.”

சொன்னபடியே ரெண்டு கூட்டி ஆறில் வைத்தார். லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைச் சொறிந்தபடி லிஃப்டை நோக்கிப் போனார். டப்பாவில் சாப்பாடு வழக்கம்போலவே நன்றாக இருந்தது. வேலையைக் கெடுக்கிறவள் சாப்பாட்டை ஏன் இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டுகிறாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. அந்தக் குழப்பத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டுவிட்டார்.

ஒன்றரை மணிக்கு ஒண்ணு குறைக்கணுமாம் என்று வந்தது. அவர் ஒன்று கூட்டினார். ஒன்றே முக்காலுக்கு மூணு குறைக்கணுமாம், சீக்கிரமாம் என்று வந்தது. அவர் மூன்று கூட்டி, பத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இருபது நிமிடம் நீடித்தது.

மாடிப்படி வழியாக இயக்குநரின் குரல் இறங்கி வந்தது. மூன்று மாடி இறங்கி வந்தபோதும் அதில் சூடு குறையவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிறது என்பதும், கான்ட்ராக்ட் கம்பெனியின் போன் நம்பர் தன் சட்டைப் பையிலேயே இருக்கிறது என்பதும் தெளிவாகக் கேட்டன.

மெஷின்காரர் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினார். லிஃப்ட் மேலே இருந்தது. அதற்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பதினாறு வருடத்தில் முதல்முறையாக, வேலை நேரத்தில் நிலவறையை விட்டுப் படியேறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வியைத் தயார் செய்தார். என் வேலைதானா உனக்கு விளையாடக் கிடைத்தது என்பது முதல் கேள்வி. மீதி இருபத்தைந்தும் அதைவிடக் காரமானவை.

முதல் மாடியைத் தாண்டித் திரும்பும்போது மேலேயிருந்து தடதடவென்று ஒருவர் இறங்கி வந்தார். பார்த்தால் அவர் மனைவி. சீருடை தோளோடு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் ஈரம், அதில் எது ஆவி, எது கண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளும் பெரிதாக எதையோ கேட்க வந்தவள்போலத்தான் வாயைத் திறந்தாள்.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். நாலு நாள் கழித்து இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார். தயார் செய்து வைத்திருந்த இருபத்தாறு கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை.

“அந்தக் குழாயை நான் அன்னைக்கே பார்த்திருக்கணும்” என்றார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, “அந்த ஆள் கேட்டதை நானும் வந்து உங்ககிட்ட ஒப்பிச்சிருக்க வேண்டாம்” என்றாள்.

“இன்னைக்கு நடந்ததை நான் மனசுல வச்சுக்கலை.”

“நானும்தான் வச்சுக்கலை. விடுங்க.”

செய்வதையும் செய்துவிட்டு மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்கிறாளே என்று அவருக்கு வியப்பாக இருந்தது. அவள் முகத்திலும் ஏறக்குறைய அதே வியப்பு தெரிந்தது. ஆனால் அதைக் கிளறினால் நாலு மணிக்குள் முடியாது என்று இருவருக்குமே தெரியும். பதினான்கு வருடத் தாம்பத்யம் சும்மா போகவில்லை.

“மீட்டர் எவ்வளவு காட்டுது?”

“எழுபத்தொண்ணு.”

காலையிலிருந்து அவர் காதில் விழுந்த முதல் மீட்டர் எண் அதுதான். ஒரே ஒரு எண், எத்தனை நிம்மதி என்று நினைத்துக்கொண்டார். என்ன செய்ய வேண்டும் என்று உடனே தெரிந்தது. ஜன்னல்களைத் திறந்தே வைக்கவும், கூடத்து மின்விசிறிகளை எல்லாம் போடவும் சொன்னார். லிஃப்டை நம்பிக் காத்திருக்க இனி நேரமில்லை. நிலவறையிலிருந்து கூடத்துக்கு ஆவியைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் சுவரோரமாகத்தான் மேலே போனது. மேலே தட்டினால் கீழே கேட்கும்.

“ஒரு தட்டு தட்டினா ஒண்ணு கூட்டறேன். ரெண்டு தட்டினா ஒண்ணு குறைக்கறேன். சரியா?”

“மூணு தட்டினா?”

“மூணு எதுக்கு? ரெண்டு போதும்.”

அவள் மேலே ஓடினாள். அவர் கீழே ஓடினார்.

மூன்று மணி வரை குழாயில் சத்தமே இல்லை. குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. மெஷின்காரர் குழாயில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றே காலுக்கு ஒரு தட்டு. ஒன்று கூட்டினார். கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தட்டும் சாவிக்கொத்தின் நுனியால் விழுந்த சுத்தமான, தெளிவான தட்டு. எந்த ஒயரும் இவ்வளவு நேர்த்தியாகச் சிக்னல் கொண்டு வந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஜன்னல்களை மூடிவிட்டாள் என்பதைக்கூடத் தட்டு வந்த விதத்திலிருந்தே ஊகித்து, அவராகவே கையைக் குமிழில் தயாராக வைத்திருந்தார். உடனே இரண்டு தட்டு வந்தது. ஒன்று குறைத்தார்.

நாலு மணிக்குப் பரிசோதகர் அம்மா கூடத்துக்கு வந்ததும் நடந்ததும் பிறகு மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அந்த அம்மா ஒரு நாற்காலியை மீட்டருக்கு நேர் எதிரே போடச் சொல்லி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கண் கொட்டாமல் முள்ளையே பார்த்தாராம். முள் ஐம்பத்து மூன்றைத் தாண்டியபோது மனைவி கைகளைப் பின்னால் கட்டியபடி மெதுவாகச் சுவரோரம் நகர்ந்து இரண்டு தட்டு தட்டியிருக்கிறாள். அது என்ன சத்தம் என்று அந்த அம்மா கேட்டாராம். பழைய கட்டடம், சாயங்காலம் ஆனால் மூட்டு வலியில் இப்படித்தான் முனகும் என்று மனைவி சொன்னதும், தனக்கும் அப்படித்தான் என்றாராம் அந்த அம்மா.

கீழே மெஷின்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அந்த இரண்டு தட்டுக்குப் பிறகு குழாய் ஊமையாகிவிட்டது. நாலே கால், நாலு இருபது, நாலரை. முள் எங்கே நிற்கிறது, அந்த அம்மா முகம் எப்படி இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. குமிழைத் தொடக் கை பரபரத்தது. தொடாமல் இருந்தார். அவள் தட்டவில்லையென்றால் தட்டத் தேவையில்லை என்று அர்த்தம் என்று திரும்பத் திரும்பத் தனக்கே சொல்லிக்கொண்டார். ஒருவரை நம்பிச் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

நாலே முக்காலுக்குச் சத்தம் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று பேசி வைக்கவே இல்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது. ஸ்பேனரை எடுத்து அவரும் குழாயில் மூன்று தட்டு தட்டினார். கண் ஏனோ கலங்கியது. அதற்கு நிலவறையில் ஆவி அதிகம் என்று காரணம் சொல்லவும் யாரும் பக்கத்தில் இல்லை.

அவர் மேலே போனபோது பெட்டி திறந்திருந்தது. தோல் வரைபடம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மேஜைமேல் கிடந்தது. அதில் கடல் நீலமாக இருந்தது. முள் ஐம்பதில் அசையாமல் நின்றது. இயக்குநர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, நாலாகக் கிழித்து, குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு அவர் தோளைத் தட்டிவிட்டு, அந்த மூட்டு வலியைத் திங்கட்கிழமை எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொன்னார்.

கூடத்தைப் பூட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக லிஃப்டில் ஏறினார்கள். வீட்டுச் சாவியை அவள் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். போகிற வழியில் கடையில் வாஷர் நாலு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். குழாய்தான் சரியாகிவிட்டதே என்றாள். அடுத்தது எப்போது சொட்டும் என்று யாருக்குத் தெரியும் என்றார். இருவரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் கம்பிக் கதவை இழுத்து மூடிவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி பொத்தானை அழுத்தினார்.

நாலு நாளாக அந்த மனிதரை அலையவைத்தது மெஷின்காரருக்கு உறுத்தியது. “இன்னைக்கு எங்களால உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லைண்ணே” என்றார் லிஃப்ட்காரர் திரும்பாமலே. “அண்ணி குறைக்கச் சொன்னதை ஒரே ஒரு தடவை கூட்டச் சொன்னாங்கன்னு மாத்திச் சொன்னா, ஒன்பதரைக்கே மேல ஏறிப் போய் நேருக்கு நேர் பேசிடுவீங்கன்னு நினைச்சேன், நீங்க போகாம, நான் மாத்திச் சொல்றதையும் மதியம் திருப்பிச் செய்ய ஆரம்பிச்சு, தப்பு நடக்கணும்னா அண்ணி சொன்னதை அப்படியே சொல்லணும்னு என்னை உண்மையைச் சொல்ல வச்சு, ரெண்டு மணி வரைக்கும் இழுத்துட்டீங்க.”